டிஸ்பிளே டிரைவரைச் சுத்தம் செய்யும்போது எதில் கை வைக்கலாம்?

லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) எழுதத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் பலர் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். டிஸ்பிளே டிரைவரில் ஹார்ட்வேரை இனிஷியலைஸ் செய்யும் பகுதி பார்க்கவே அலங்கோலமாக இருக்கிறது, அதை ஒழுங்குபடுத்தலாமா, வேறொருவர் ஒழுங்குபடுத்தி அனுப்பியதை எப்படி ரிவ்யூ செய்வது என்று. அதனால் இந்த இதழில் வேறு எதையும் தொடவில்லை. வாசகரின் கேள்வி முதலில், அதன் கீழே என் பதில்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கெர்னலின் ஸ்டேஜிங் பகுதியில் (இன்னும் முழுத் தரத்துக்கு வராத டிரைவர்கள் இருக்கும் இடம்) இருக்கும் எஸ்எம்750 டிரைவரில், சிப்பை இனிஷியலைஸ் செய்யும் ஃபங்ஷனில், ஒரே ரெஜிஸ்டருக்கு (சிப்பைக் கட்டுப்படுத்த அதற்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதுகிறார்கள். கடைசியில் நிற்கப்போவது இரண்டாவது மதிப்புதானே என்று முதல் வரியை நீக்கி பேட்ச் போட்டேன். ஒரு வார்னிங்கூட இல்லாமல் கம்பைல் ஆனது. ஆனால் சீனியர் அனுப்பாதே என்கிறார். ஏன் என்றால் ‘ஹார்ட்வேர் அப்படித்தான்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சீனியர் சொன்னது சரி. காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும், அது ஒன்றும் மறைபொருள் இல்லை.

எஸ்எம்750 என்பது சிலிக்கான் மோஷன் நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப். அதற்கான ஃப்ரேம்பஃபர் டிரைவர் 2015-இல் ஸ்டேஜிங்குக்குள் வந்தது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் இடத்தில் நடப்பது இதுதான்: முதலில் பவர் மோடு, அப்புறம் டிஸ்பிளேவுக்கும் லோக்கல் மெமரிக்கும் கேட்டைத் திறப்பது, அதற்குப் பிறகு சிப் கிளாக், மெமரி கிளாக், மாஸ்டர் கிளாக் என்று வரிசையாக வேகத்தை வைப்பது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் இரண்டு வரிகள் வருகின்றன. மிஸ்க் கண்ட்ரோல் ரெஜிஸ்டரை வாசித்து, அதில் லோக்கல் மெமரி ரீசெட் பிட்டை 0 ஆக்கி எழுதுகிறார்கள். உடனே அதே பிட்டை 1 ஆக்கி மறுபடி எழுதுகிறார்கள்.

சி மொழியின் கண்ணால் பார்த்தால் உங்கள் வாதத்தில் தப்பே இல்லை. ஒரு வேரியபிளுக்கு 0 கொடுத்துவிட்டு அடுத்த வரியில் 1 கொடுத்தால் முதல் வரி வீண்தான், கம்பைலரே அதைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் இங்கே எழுதப்படுவது வேரியபிள் இல்லை. போக்32 என்ற அந்தச் சின்ன ஃபங்ஷனுக்குள் போய்ப் பாருங்கள், ரைட்எல் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு எழுத்தும் பஸ் வழியாக சிப்புக்குப் போய்ச் சேருகிற ஒரு நிகழ்ச்சி. அந்தப் பிட் கீழே போய் மேலே வருவதுதான் ரீசெட். கடைசி மதிப்பு மட்டும் போனால், ஏற்கெனவே 1 ஆக இருந்த பிட்டில் மறுபடி 1 எழுதினதாகத்தான் ஆகும், மெமரி கண்ட்ரோலருக்கு எதுவுமே நடக்காது. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த வரிகளுக்கு மேலேயே கமெண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்: மெமரி கண்ட்ரோலரை ரீசெட் செய்யாமல் விட்டால் சாஃப்ட்வேர் மெமரியைத் தொடும்போது சிஸ்டம் ஹேங் ஆகலாம், சிப்பின் முக்கிய கிளாக்கை மாற்றிய பிறகு ரீசெட் செய்தாக வேண்டும் என்று. ‘ஆகலாம்’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். பத்து மெஷினில் ஒன்றும் ஆகாமல் பதினோராவதில் ஆகும், அதுவும் எப்போதாவது. இப்படிப்பட்ட பக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட வேதனை கெர்னல் வேலையில் குறைவு.

அதே கமெண்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ரீசெட் ‘கிளாக்கை மாற்றிய பிறகு’ வர வேண்டும். ஆகவே யாராவது ‘ரீசெட் சம்பந்தப்பட்டதையெல்லாம் மேலே ஒரே ஃபங்ஷனாக்கிவிட்டேன், கிளாக் சம்பந்தப்பட்டதைக் கீழே தனி ஃபங்ஷனாக்கிவிட்டேன், இப்போது படிக்க அழகாக இருக்கிறது’ என்று பேட்ச் அனுப்பினால், ஒரு வரியைக்கூட நீக்காமலே டிரைவரை உடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

உங்கள் பேட்சைக் குப்பையில் போட வேண்டாம். நீக்குவதற்குப் பதிலாக அந்த நான்கைந்து வரிகளை அதே இடத்தில், அதே வரிசையில், ‘லோக்கல் மெமரி ரீசெட்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சின்ன ஃபங்ஷனாக்கி, கமெண்டையும் அதோடு கொண்டுபோங்கள். உங்களைக் குழப்பியது அடுத்து வருபவரைக் குழப்பாது. அது நல்ல பேட்ச்.

எங்கள் குழுவில் ஜூனியர்கள் அனுப்பும் கிளீனப் பேட்ச்களை நான்தான் ரிவ்யூ செய்ய வேண்டும். ஒரே பேட்சில் பெயர் மாற்றம், இன்டென்டேஷன், ஃபங்ஷனை உடைத்தது, இடம் மாற்றியது எல்லாம் கலந்து 400 வரி வருகிறது. ஒரு ஒழுங்கான முறை சொல்ல முடியுமா?

முதல் வேலை, அந்த 400 வரியைப் படிக்காதீர்கள். திருப்பி அனுப்பி, பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் மாற்றம் ஒரு பேட்ச், இடமாற்றம் ஒரு பேட்ச், லாஜிக்கைத் தொடுவது தனிப் பேட்ச். கெர்னலின் சொந்த ஆவணமே, கோடை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பேட்சில் நகர்த்திய கோடைத் திருத்தவே கூடாது என்கிறது. இது ரிவ்யூ செய்பவரின் சோம்பேறித்தனத்துக்காக வைத்த விதி இல்லை. நாளைக்கு ஒரு பேனல் கறுப்பாகிப் போனால், எந்தப் பேட்சில் பிழை நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் வந்து நிற்கும் இடம் 400 வரியாக இருந்தால் அந்த பைசெக்டால் யாருக்கும் பலன் இல்லை.

பிரித்து வந்த பிறகு, பெயர் மாற்றம், ஸ்பேஸ், அடைப்புக்குறி மட்டும் மாறிய பேட்ச்களைக் கண்ணால் சரிபார்ப்பதையே விட்டுவிடலாம். கெர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில் ஆப்ஜ்டிஃப் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, இதற்காகவே எழுதியது. பேட்சுக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் ஃபைல்களைப் பதிந்து வைத்து, மெஷின் கோடில் வித்தியாசம் உண்டா என்று காட்டிவிடும். வெறும் பெயர் மாற்றம் என்றால் இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் மாறவே கூடாது. ஃபங்ஷன் பெயரை அச்சிடும் மெசேஜோ வரி எண்ணைப் பதியும் வார்னிங்கோ இருந்தால் கொஞ்சம் மாறும், அதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. எஸ்எம்750 மாதிரி டிரைவரில், கேமல்கேஸ் பெயர்களையும் முன்னால் பி எழுத்தை ஒட்டிக்கொண்ட பாயின்டர் பெயர்களையும் மாற்றுகிற பேட்ச்கள் வந்துகொண்டே இருக்கும் இடத்தில், இது நேரத்தை அப்படியே மிச்சப்படுத்தும்.

கோடை நகர்த்திய பேட்சுக்கு கிட் டிஃபில் நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் கலர்-மூவ்டு வசதியைப் போடுங்கள். உண்மையில் நகர்ந்தது ஒரு நிறம், நகரும் சாக்கில் மாறியது வேறு நிறம். கண் நேராக அங்கே போய்விடும்.

மிச்சம் இருப்பதுதான் உங்கள் உண்மையான வேலை, அதற்கு நான் நம்புவது ஒரே வழி. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் பழைய கோட் ஹார்ட்வேருக்கு என்னென்ன செய்கிறது, வலது பக்கம் புதிய கோட் என்னென்ன செய்கிறது. ஃபங்ஷன் பெயர், இஃப், லூப் எதையும் எழுதாதீர்கள். இந்த ரெஜிஸ்டரை வாசித்தது, இந்த மதிப்பை எழுதியது, 5 மில்லிசெகண்ட் காத்திருந்தது, மின்சாரம் தரும் ரெகுலேட்டரைப் போட்டது, கிளாக்கைப் போட்டது, ரீசெட் பின்னை இழுத்தது, இப்படி சிப் உணரக்கூடியதை மட்டும் எழுதுங்கள். பாதியில் பிழை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே போல இன்னொரு தாள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது கிளீனப். ஒரு இடத்தில் வேறுபட்டாலும் அதை கிளீனப் என்ற தலைப்பில் உள்ளே விடாதீர்கள், வேறுபாடு நல்லதாகவே இருந்தாலும் சரி; என்ன மாறுகிறது, ஏன் மாற்றலாம் என்று கமிட் மெசேஜில் சொல்லி, தனிப் பேட்சாக வரட்டும்.

வாசித்த மதிப்பை எங்கேயும் பயன்படுத்தாத ஒரு ரெஜிஸ்டர் ரீட் இருக்கிறது. அதையாவது நீக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. பிசிஐ பஸ்ஸில் எழுத்து உடனே சாதனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது, வழியில் எங்காவது தேங்கி நிற்கலாம். எழுதிய பிறகு அதே சாதனத்திலிருந்து ஒன்றை வாசித்தால், தேங்கியதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வாசிப்புக்குப் பதில் வரும். இதற்காகவே இன்டெலின் ஐ915 டிரைவரில் போஸ்டிங் ரீட் என்று ஒரு மேக்ரோவே வைத்திருந்தார்கள். ‘எழுது, வாசி, 10 மைக்ரோசெகண்ட் காத்திரு, அடுத்ததை எழுது’ என்று இருக்கும் இடத்தில் நடுவில் உள்ள வாசிப்பை எடுத்துவிட்டால், காத்திருப்பு முடிந்த பிறகுதான் முதல் எழுத்தே சிப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆகலாம். வாசித்தாலே தன் பிட்டுகளை அழித்துக்கொள்ளும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்களும் உண்டு, அங்கே வாசிப்புதான் வேலையே. டேட்டாஷீட்டை வைத்து இரண்டும் இல்லை என்று காட்ட முடிந்தால் நீக்குங்கள். காட்ட முடியாவிட்டால், எதற்கு அந்த வாசிப்பு என்று ஒரு வரி கமெண்ட் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

ரெஜிஸ்டரை வாசித்து, மாஸ்க் செய்து, ஓஆர் போட்டு, திரும்ப எழுதும் மூன்று வரிகளை ரெக்மேப் அப்டேட் பிட்ஸ் என்ற ஒரே வரியாக மாற்றி ஒரு பேட்ச் வந்தது. படிக்க அழகாக இருக்கிறது, ரிவ்யூட்-பை (படித்து ஒப்புக்கொண்டேன் என்ற குறிப்பு) கொடுத்துவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நியாயமானது. ரெக்மேப் என்பது ரெஜிஸ்டர்களைக் கையாளும் கெர்னல் நூலகம். அதன் அந்த ஃபங்ஷன் முதலில் வாசிக்கும், புதிய மதிப்பைக் கணக்கிடும், பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் எழுதவே செய்யாது. சாதாரண ரெஜிஸ்டருக்கு இது நல்லதுதான். ஆனால் ‘1 எழுதினால் அழியும்’ வகை இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் அந்தப் பிட் ஏற்கெனவே 1 ஆகத்தான் இருக்கும், நீங்கள் எழுத நினைப்பதும் 1, ஆகவே எழுத்து போகாது, இன்டரப்ட் அழியாது. பழைய மூன்று வரிகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தன. இதே மாதிரி ‘இப்போது நீ செட் பண்ணியதையெல்லாம் ஒரே நேரத்தில் நடைமுறைக்குக் கொண்டு வா’ என்று டிஸ்பிளே கண்ட்ரோலருக்குச் சொல்லும் அப்டேட் பிட்டுகள். சில சிப்களில் அது தானாக 0 ஆகிவிடும், அங்கே பிரச்சினை இல்லை. தானாக விழாத சிப்பில் இரண்டாவது தடவை எழுத்தே போகாமல் திரை பழைய அமைப்பிலேயே நிற்கும்.

மதிப்பு மாறாவிட்டாலும் எழுதியே தீர வேண்டும் என்ற இடங்களுக்கு ரெக்மேப் ரைட் பிட்ஸ் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. ரெஜிஸ்டரை வாலடைல் (தானாக மாறக்கூடியது) என்று அறிவித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கேஷ் போட்ட ரெக்மேப்பில் அதை விட்டுவிட்டால் வாசிப்பு சிப் வரை போகாது, நினைவில் வைத்திருக்கும் பழைய மதிப்பே திரும்பி வரும்.

ரிவ்யூட்-பை கொடுத்ததைத் திரும்பப் பெறுவதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்தந்த ரெஜிஸ்டரைக் குறிப்பிட்டு இன்றைக்கே ஒரு பதில் போடுங்கள். பேட்ச் உள்ளே போய்விட்டிருந்தால் எந்தப் பேட்சைத் திருத்துகிறது என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியோடு திருத்தம் அனுப்பலாம்.

டிஎஸ்ஐ (திரைப் பேனலை இணைக்கும் தொடர் இணைப்பு) பேனல் டிரைவர் ஒன்றில் 200 வரி இனிஷியலைசேஷன் கமாண்ட். பழைய மேக்ரோவை எடுத்துவிட்டு ‘மல்டி’ என்று முடியும் புதிய மேக்ரோவுக்கு மாற்றச் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே கமாண்டைத்தானே அனுப்புகின்றன, எதற்கு இந்த வேலை? மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இது உபயோகமான கேள்வி. சுத்தம் செய்வதால் உண்மையான பக் சரியாகும் இடம் இது.

பழைய மேக்ரோவின் கோளாறு அதன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த ரிட்டர்ன். கமாண்ட் அனுப்புவது தோற்றால் மேக்ரோ தானே அந்த ஃபங்ஷனை விட்டு வெளியே போய்விடும். மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணுக்கு அது வெறும் கமாண்ட் வரி, வெளியேறும் வழி என்று தெரியவே தெரியாது. பேனலின் பிரிபேர் ஃபங்ஷனில் ரெகுலேட்டரைப் போட்டு, ரீசெட்டை விடுவித்து, அதே ஃபங்ஷனுக்குள் இந்த மேக்ரோவை வைத்து எழுதியிருந்தார்கள் என்றால், 37-ஆவது கமாண்ட் தோற்றதும் கீழே இருக்கும் ‘ரெகுலேட்டரை அணை’ என்ற பிழை வழிக்குப் போகாமல் நேரே வெளியே. பேனலுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், டிரைவர் கணக்கிலோ அது எழும்பவே இல்லை. போதாததற்கு ஒவ்வொரு கமாண்டுக்கும் பிழை பார்க்கும் கோடும் பிழைச் செய்தி அச்சிடும் கோடும் விரிந்து, நீளமான சீக்வென்ஸ் உள்ள டிரைவர்கள் ஊதிப் பெருத்துவிட்டன.

2024-இல் வந்த மல்டி வகை இதை மாற்றியது. ஒரு கான்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்சரை எடுத்துக்கொண்டு எல்லாக் கமாண்டுக்கும் அதைக் கொடுக்கிறீர்கள். அதில் முதல் பிழை பதிவாகிவிட்டால் பின்னால் வரும் மல்டி அழைப்புகள் எல்லாம் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். கடைசியில் ஒரே ஒரு தடவை அக்யூம்-எர்ர் என்ற பிழைப் பதிவைப் பார்த்து, பிழை என்றால் ரீசெட், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் அணைத்துவிட்டுத் திரும்பலாம்.

மாற்றும்போது நான் தேடிப் பார்ப்பது இவை. கடைசியில் அந்தப் பிழையைப் பார்க்கிறார்களா? அதை மறந்த பேட்சில் எல்லாத் தோல்வியும் சத்தமில்லாமல் வெற்றியாகிவிடும், இது பழையதைவிட மோசம். கான்டெக்ஸ்ட்டை ஒவ்வொரு உதவி ஃபங்ஷனுக்கும் பாயின்டராகக் கொடுக்கிறார்களா, இல்லை உள்ளே போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்கி மேலே வந்த பிழையைத் தொலைக்கிறார்களா? பழைய கோட் பிழையை வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விட்ட கமாண்ட் ஏதாவது இருந்ததா? இருந்தால் புதிய முறையில் அந்த ஒரு கமாண்ட் தோற்றாலே பின்னால் வரும் எல்லாமும் நின்றுபோகும்.

அப்புறம் தாமதங்கள். ஸ்லீப்பை விட்டு வெளியே வரச் சொல்லும் கமாண்ட் ஹெக்ஸ் 11, திரையை ஒளிரவிடும் கமாண்ட் ஹெக்ஸ் 29. இந்த இரண்டுக்கும் நடுவில் 120 மில்லிசெகண்ட் காத்திருப்பதைப் பல பேனல் டிரைவர்களில் பார்க்கலாம். அது பேனலுக்குள் இருக்கும் மின்னழுத்தச் சுற்றுகள் நிலைப்படுவதற்கான நேரம். சுத்தம் செய்பவர்கள் கமாண்டுகளையெல்லாம் ஒரு டேபிளில் போட்டு லூப்பில் அனுப்பும்போது, நடுவில் இருந்த எம்ஸ்லீப் (காத்திருக்க வைக்கும் ஃபங்ஷன்) டேபிளுக்கு வெளியே போய்க் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். மொத்த நேரம் அதேதான், அதனால் வித்தியாசம் இல்லை என்று தோன்றும். எந்தக் கமாண்டுக்குப் பிறகு எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. 20 மில்லிசெகண்டுக்குக் கீழே எம்ஸ்லீப் கொடுத்தால் கேட்டதைவிட அதிகம் தூங்கலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. ஆகவே எம்ஸ்லீப் 5 என்று இருந்ததைத் துல்லியமான யுஸ்லீப் ரேஞ்சுக்கு மாற்றும் பேட்சில், இத்தனை நாள் அந்தப் பேனல் ஓடியது எழுதியிருந்த 5 மில்லிசெகண்டாலா, உண்மையில் கிடைத்துவந்த அதிக நேரத்தாலா என்று கேட்க வேண்டும். டேட்டாஷீட் 5 போதும் என்றால் சரி. டேட்டாஷீட் இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பழைய ஜிபிஐஓ (சிப்பின் பின்களை இயக்கும்) ஃபங்ஷன்களை ஜிபிஐஓடி வகைக்கு மாற்றினோம். லாகில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் வெற்றி என்கிறது. திரை மட்டும் கறுப்பு.

ரீசெட் பின் தலைகீழாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபங்ஷனில் 0 என்றால் கம்பியில் உண்மையாகவே 0 வோல்ட். புதியதில் 0, 1 என்பது ‘விடு’, ‘பிடி’ என்ற பொருளில் வரும். போர்டில் என்ன ஹார்ட்வேர் என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயில் அந்தப் பின்னை ஆக்டிவ் லோ (0 வோல்ட்டில் ‘பிடி’) என்று குறித்திருந்தால் கெர்னல் தானே புரட்டிக்கொள்ளும். ஆகவே மதிப்பை மாற்றாமல் ஃபங்ஷன் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் பேனல் நிரந்தரமாக ரீசெட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும்: ஏற்கெனவே களத்தில் ஓடும் போர்டுகளின் டிவைஸ் ட்ரீயில் குறி தப்பாக இருந்து, பழைய டிரைவர் அதைக் கண்டுகொள்ளாததால் இவ்வளவு நாள் ஓடியிருக்கலாம். அதனால் டிரைவர் பேட்சை ரிவ்யூ செய்யும்போது அதைப் பயன்படுத்தும் டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீ மூல) ஃபைல்களையும் தேடித் திறந்து பார்க்க வேண்டும்.

லாகில் பிழை இல்லாததை நம்ப வேண்டாம். டிஎஸ்ஐ-யில் எழுத்துக் கமாண்டுகள் பெரும்பாலும் ஒருவழிப் பயணம், பேனல் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரீசெட்டில் கிடக்கும் பேனலுக்கு 200 கமாண்ட் அனுப்பினாலும் ஹோஸ்ட் பக்கம் 200-ம் வெற்றி என்றே தெரியும்.

இனிஷியலைசேஷன் ஃபங்ஷனில் பாதியை நீக்கிப் பார்த்தேன், திரை ஒழுங்காக வருகிறது. அப்படியானால் அது தேவையற்றது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் டிரைவருக்கு முன்னால் வேறொருவர் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். மெஷினை எழுப்பும் பயாஸ், யுஇஎஃப்ஐ, யு-பூட் எதுவாக இருந்தாலும், லோகோ காட்டுவதற்காகக் கிளாக்கைப் போட்டு, மெமரியை எழுப்பி, பேனலையும் ஒளிரவிட்டிருக்கும். அந்த நிலையில் உங்கள் கோட் பாதி இல்லாமலும் படம் வரும். சஸ்பெண்ட் போய்த் திரும்பும்போது அந்த உதவி கிடைக்கும் என்று நம்ப முடியாது. எஸ்எம்750 டிரைவரையே பாருங்கள், ரிஸ்யூம் ஃபங்ஷனிலிருந்தும் அதே ஹார்ட்வேர் இனிஷியலைசேஷன் ஃபங்ஷனைத்தான் கூப்பிடுகிறார்கள். புரோபில் (டிரைவர் சாதனத்தை முதன்முதலில் எடுத்துக்கொள்ளும் இடம்) மட்டும்தானே வருகிறது என்று நினைத்து அதிலிருந்து எதையாவது எடுத்தால் அடி விழுவது லேப்டாப் மூடியைத் திறக்கிறவருக்கு.

எதிர்த் திசையிலும் இது உண்டு. அதே டிரைவரில், ஓவர்லேயை அணை, வீடியோ ஆல்ஃபாவை அணை, டிஎம்ஏ சேனலை அணை என்று வரிசையாக வரும். பவர் போட்டதும் அவை அணைந்துதானே இருக்கும், எதற்கு என்று தோன்றும். ஒவ்வொன்றின் மேலும் ஒரே கமெண்ட் திரும்பத் திரும்ப வருகிறது: முன்னால் ஓடிய அப்ளிகேஷன் இதை அணைக்காமல் விட்டிருந்தால் என்று. கோல்டு பூட்டில் மட்டும் சோதித்தால் இவை எல்லாமே வீண் என்றுதான் தெரியும்.

ஆக, பிளக்கைப் பிடுங்கிப் போட்டு ஒரு தடவை, வார்ம் ரீபூட், சஸ்பெண்ட்-ரிஸ்யூம், மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றுவது, முடிந்தால் கெஎக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்து நேரே இன்னொன்றுக்குத் தாவுவது), இத்தனையும் செய்துவிட்டு அப்புறம் பேசலாம். எதை எதைச் சோதித்தீர்கள் என்று பேட்சிலேயே எழுதுங்கள்.

என்னிடம் அந்த ஹார்ட்வேரே இல்லை. கம்பைல் மட்டும் செய்து பார்த்து கிளீனப் பேட்ச் அனுப்புவது தவறா?

தவறில்லை, அதை ஒளிக்காதவரை. ‘கம்பைல் மட்டும் சோதித்தது’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ரிவ்யூ செய்பவர் எவ்வளவு ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்வார். டெஸ்டட்-பை என்பது ஏதோ ஒரு சூழலில் உண்மையாகவே ஓட்டிப் பார்த்தவர் போடுவது. ரிவ்யூட்-பை போடுபவர், படித்தேன், தெரிந்த குறை எதுவும் இல்லை, உள்ளே போகத் தகுதியானது என்று தன் பெயரால் சொல்கிறார். நண்பனுக்காக இரண்டையும் போட்டுக் கொடுப்பது அந்தப் பெயரையே கெடுத்துவிடும்.

ஹார்ட்வேர் இல்லாதவர் தைரியமாகத் தொடக்கூடியவை நிறைய உண்டு: பயன்படாத வேரியபிள், கேமல்கேஸ் பெயர், தேவையில்லாத காஸ்ட், எங்கிருந்தும் அழைக்கப்படாத ஃபங்ஷன். தொட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது, டேட்டாஷீட் இல்லாமல் வெறும் எண்களுக்குப் பெயர் வைப்பது. எஸ்எம்750எல்இ வகைக்கான பகுதியில், சிஎச்7301 என்ற டிவிஐ சிப் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஐ2சி வழியாக மூன்று ரெஜிஸ்டரில் மூன்று மதிப்பு எழுதுகிறார்கள். அவை குரோன்டெல் நிறுவனத்தின் அப்ளிகேஷன் நோட்டிலிருந்தும் டிரைவரை எழுதியவர்களின் சோதனையிலிருந்தும் கிடைத்தவை என்று கமெண்ட் சொல்கிறது. அதற்கும் மேலே, இந்த இனிஷியலைசேஷன் இல்லாவிட்டால் மானிட்டருக்கு சிக்னலே வராது என்றும் எழுதியிருக்கிறார்கள். யாரோ மேஜை மேல் போர்டை வைத்து மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துப் பிடித்த மதிப்புகள் அவை. அதற்கு ஊகத்தில் ‘பிஎல்எல் கண்ட்ரோல்’ என்று ஒரு மேக்ரோ பெயர் வைத்தால், ஐந்து வருடம் கழித்து வருபவர் அந்தப் பெயரை உண்மை என்று நம்பி அதன் மேல் கோட் எழுதுவார். வெறும் எண்ணாக இருந்தால் குறைந்தபட்சம் சந்தேகமாவது படுவார்.

இப்படிச் சின்னச் சின்ன கிளீனப் அனுப்புவதில் பிரயோஜனம் உண்டா? எங்கே அனுப்புவது?

உண்டு. கோடை ஒழுங்காகப் படிக்கவும், பேட்சைப் பிரிக்கவும், விமர்சனத்துக்குப் பதில் எழுதவும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை, டிரைவருக்கும் நல்லது. ஆனால் இடம் பார்த்து அனுப்ப வேண்டும். ஸ்டேஜிங் பகுதி செக்பேட்ச் (கோட் ஸ்டைலைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட்) திருத்தங்களை வரவேற்கும். வெளியே உள்ள டிரைவர்களில் வெறும் ஸ்டைல் மாற்றத்தைப் பல மெயின்டெய்னர்கள் விரும்ப மாட்டார்கள், அது வேறு பேட்ச்களோடு மோதும், பழைய கெர்னலுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோவதையும் சிக்கலாக்கும்.

டிஆர்எம் (கெர்னலின் கிராபிக்ஸ் பகுதி) பக்கம் வர நினைப்பவர்கள், கெர்னல் ஆவணங்களின் ஜிபியு பகுதியில் டூடூ பட்டியல் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கடினம், தொடங்குபவருக்கா அனுபவசாலிக்கா என்று குறித்து, யாரைக் கேட்கலாம் என்பதையும் போட்டிருக்கிறார்கள். பேட்ச் தயாரானதும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டை ஓட்டி, அது காட்டும் எல்லாரையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் அவசரப்பட வேண்டாம், இரண்டு வாரம் ஆனால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடலாம். இரண்டாவது பதிப்பு அனுப்பும்போது, முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதைக் கமிட் மெசேஜுக்குக் கீழே, மூன்று கோடுகளுக்கு அடியில் எழுதுங்கள். பலர் இதை மறந்துவிடுவதால் ரிவ்யூ செய்தவர் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிவிடுகிறது.